இரண்டாம் முறை கேட்பவள்

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "இனிமே கவலையில்ல, எல்லாம் பளிச்சுன்னு தெரியும்." உண்மையிலேயே பளிச்சென்றுதான் தெரிகிறது. சுவரின் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. சேலையின் நீலம் இத்தனை நாளும் பழுப்பேறித் தெரிந்திருக்கிறது என்பதே அப்போதுதான் புரிகிறது. பிறகு சில மாதங்களோ, இரண்டு ஆண்டோ, ஐந்து ஆண்டோ கழித்து அதே கண்ணில் மறுபடியும் ஒரு மூட்டம் வருகிறது. எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் பலருக்கு வருகிறது. அந்த இரண்டாவது மூட்டத்தைப் பற்றியும், அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு பெண்ணுக்கு ஏன் அத்தனை நாளாகிறது என்பதைப் பற்றியும் இங்கே யோசிக்க விரும்புகிறேன்.

முதலில் கண்ணுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வோம். நம் கண்ணின் இயற்கை லென்ஸ் மெல்லிய, ஒளி புகும் உறை ஒன்றுக்குள் இருக்கிறது. அந்த லென்ஸ் மங்கிப்போவதுதான் புரை. அறுவை சிகிச்சையில், உறையின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு திறப்புச் செய்து, மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அதே உறைக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள். உறையின் பின்பக்கத்தை எடுப்பதில்லை. புதிய லென்ஸுக்கு இருப்பிடம் அதுதான். கண்ணின் பின்னறையில் உள்ள கூழ் முன்னால் வராமல் காக்கும் சுவரும் அதுதான். எவ்வளவு கவனமாகத் துப்புரவு செய்தாலும் உறையின் ஓரங்களில் பழைய லென்ஸின் உயிரணுக்கள் சில தங்கிவிடுகின்றன. அவற்றுக்குத் தெரிந்த வேலை லென்ஸ் இழைகளை உண்டாக்குவது ஒன்றுதான். அவை பெருகி, நகர்ந்து, பின்னுறையின் மேல் படர்கின்றன. சில இடங்களில் முத்துமுத்தாகத் திரள்கின்றன. சில இடங்களில் உறையைச் சுருங்க வைக்கின்றன. ஒளி அந்த மூட்டத்தின் வழியாகத்தான் விழித்திரைக்குப் போகவேண்டியிருக்கிறது. எழுத்துகள் வெளிறுகின்றன. எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறிக் கூசுகிறது. தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது.

இது அரிய நிகழ்வல்ல. அதுவரை வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியான ஆய்வு ஒன்று, அறுவை சிகிச்சைக்குப் பின் ஓராண்டில் 100 கண்களில் ஏறத்தாழ 12இலும், மூன்றாண்டில் 21இலும், ஐந்தாண்டில் 28இலும் இம்மூட்டம் ஏற்பட்டதாகக் கணக்கிட்டது. அதன் பிறகு கூர்விளிம்பு கொண்ட லென்ஸ்கள் பரவலாகி இந்த எண்ணிக்கை குறைந்திருக்கிறது, ஆனால் மறைந்துவிடவில்லை.

தீர்வும் எளியது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, மருத்துவமனைகளில் சுருக்கமாக 'யாக் லேசர்' என்று சொல்லும் கருவியின் முன் உட்கார வைக்கிறார்கள். மோவாயைத் தாங்கியில் வைக்கவேண்டும். குறிபார்க்கும் சிவப்புப் புள்ளி தெரியும். வேலை செய்யும் ஒளிக்கதிர் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய 'டக் டக்' ஒலிகள் கேட்கும். கத்தியில்லை, தையலில்லை, பெரும்பாலோருக்கு வலியுமில்லை. மங்கிய பின்னுறையின் நடுவில் ஒரு சாளரம் திறந்துவிடுகிறது. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். திறந்த இடம் சாதாரணமாகத் திரும்ப மூடிக்கொள்வதில்லை. ஆபத்தே இல்லை என்று சொல்லக் கூடாது. சிறிது நேரம் கண்ணின் அழுத்தம் கூடலாம். சில நாள் பூச்சி பறப்பதுபோலத் தோன்றலாம். விழித்திரை வீங்குவதோ விலகுவதோ அரிதாக நேரலாம். மின்னல் வெட்டுவதுபோலவோ திரை விழுவதுபோலவோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் எல்லா மங்கலும் இந்த மூட்டம்தான் என்றும் எண்ணிவிடக் கூடாது. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருக்கலாம், கண்ணழுத்த நோய் இருக்கலாம். பார்த்துச் சொல்லவேண்டியவர் மருத்துவர். அதற்குக் கண்ணுக்குரியவள் முதலில் வாய்திறந்து சொல்லவேண்டும்.

அங்கேதான் சிக்கல். சொன்னவளுக்கு வீட்டில் கிடைக்கும் பதில்களை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். "அதான் ஆப்பரேஷன் பண்ணியாச்சே." "வயசானா அப்படித்தான் இருக்கும்." "வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டிருக்க மாட்டே." "அடுப்புகிட்டப் போகாதேன்னு சொன்னோமே." "உட்கார்ந்து அழுதிருப்பே." இவற்றில் பல, விசாரணையில் கேட்கும் கேள்விகள்போல இருப்பதைக் கவனிக்கவேண்டும். கண் மங்கியிருக்கிறது என்றால் யாரோ தவறு செய்திருக்கவேண்டும்; அது மருத்துவராக இருக்க முடியாது, செலவழித்த மகனாக இருக்க முடியாது; மிஞ்சியிருப்பவள் அவள்தான். அடுப்புப் புகையிலிருந்தும் தூசியிலிருந்தும் தள்ளியிருக்கச் சொல்வது, புண் ஆறும் வாரங்களில் கிருமித்தொற்றும் உறுத்தலும் வராமலிருக்க. பின்னுறை மூட்டத்துக்கும் அடுப்புக்கும் தொடர்பில்லை. அழுகைக்கும் தொடர்பில்லை. தலைக்குக் குளித்ததற்கும் தொடர்பில்லை. உறையின் ஓரத்தில் தங்கிய சில உயிரணுக்கள் தம் இயல்பைச் செய்தன, அவ்வளவுதான்.

யாருடைய குற்றமும் இல்லாமல் ஒரு துன்பம் வருமா? வரும். அப்படி வந்தால் அதற்கு யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுமா? குற்றத்தையும் பொறுப்பையும் நம் குடும்பங்கள் ஒன்றாகவே பார்க்கப் பழகியிருக்கின்றன. யார் கெடுத்தார்களோ அவர்தான் சரிசெய்யவேண்டும் என்பது வாடகைப் பாத்திரத்துக்குப் பொருந்தலாம். உடலுக்குப் பொருந்தாது. பின்னுறை மூட்டத்தில் மருத்துவரின் கைப்பிழை இல்லை, நோயாளியின் அலட்சியம் இல்லை. ஆனாலும் சரிசெய்யவேண்டிய கடமை இருக்கிறது. குற்றவாளியைத் தேடாமலே பொறுப்பை ஏற்க முடியும் என்பதை ஒரு குடும்பம் கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

தமிழில் 'புரை' என்ற சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. குற்றம் என்பது ஒன்று. உள்துளை என்பது ஒன்று. புண் புரையோடியது என்று இன்றும் சொல்கிறோம். ஒப்பு என்பது மற்றொன்று. தொல்காப்பியம் உவம உருபுகளைப் பட்டியலிடும்போது 'புரைய' என்பதையும் சேர்க்கிறது. இரண்டாவது மூட்டம் இந்தக் கடைசிப் பொருளில்தான் புரை. அது முதல் புரையைப்போல இருக்கிறது, முதுமையைப்போலவும் இருக்கிறது. வந்த புரையே திரும்பிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். எடுத்த லென்ஸ் திரும்ப வராது. உள்ளே வைத்த லென்ஸ் அழுக்காகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள், அதுவும் இல்லை. வயதின் தேய்மானம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஒன்று மற்றொன்றைப்போல இருப்பதால் ஏமாறுகிறோம். அந்த ஏமாற்றம் பிறருக்கு வசதியாகவும் இருக்கிறது. முதுமை என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் பஸ் ஏற வேண்டியதில்லை.

சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் பல வருடம் கட்டை அடுக்கியவர் என் பெரியம்மா ஒருவர். கண்புரை எடுத்த மூன்றாம் வருடம், விளக்கு வைத்த பிறகு வெளியே போவதை நிறுத்தியிருந்தார். அரிசியைக் கண்ணால் பார்த்துப் புடைப்பதை விட்டு விரலால் தடவிப் பார்த்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "ஒருக்கா பாத்து விட்டாக. அதுக்கு மேல எந்த மொகத்த வச்சுக்கிட்டுத் தாயி கேக்க?" கண் தெரியவில்லை என்பதைவிட மறுபடி கேட்கவேண்டியிருக்கிறது என்பதே அவருக்குப் பெரிய துன்பமாக இருந்தது. முதல் முறை கேட்டது தேவை. இரண்டாம் முறை கேட்டால் அது பேராசை. இந்தச் சட்டத்தை அவருக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். சாப்பாட்டில், துணியில், பண்டிகைப் பலகாரத்தில் என்று சின்ன வயதிலிருந்தே பழகியது. அண்ணன் இரண்டாம் முறை சோறு கேட்டால் பசி. தங்கை கேட்டால் 'பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டு ஆகாது'.

கேட்காமலிருப்பது உணராமலிருப்பதாகவும் ஆகிவிடும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1943 வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகில் உள்ள சிங்கூரில், அகில இந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தங்களுக்கு உடல்நலமில்லை என்றோ சுமார்தான் என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர். அந்த ஊரில், அந்த ஆண்டில், கைம்பெண்கள் மற்றவர்களைவிட நலமாக இருந்திருப்பார்கள் என்று யாரும் நம்ப முடியாது. அமர்த்தியா சென் 1980களில் இந்த எண்களை எடுத்துக்காட்டியபோது அவர் சொல்ல வந்தது இதுதான்: இல்லாமையிலேயே வாழ்ந்தவர்கள் தங்கள் விருப்பங்களையும் புகார்களையும் அந்த இல்லாமைக்கு ஏற்றபடி சுருக்கிக்கொள்கிறார்கள், ஆகவே ஒருவருடைய திருப்தியை மட்டும் வைத்து அவருடைய நலத்தை அளக்கக் கூடாது. என் பெரியம்மாவிடம் "கண் நல்லாத் தெரியுதா?" என்று கேட்டால் "தெரியுது" என்றுதான் சொல்வார். பொய் சொல்கிறார் என்று கொள்ள முடியாது. எவ்வளவு தெரிந்தால் போதும் என்ற அளவுகோலையே அவர் வெட்டிக் குட்டையாக்கிவிட்டார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பெண்ணியம் பேசுகிற நாம், ஒரு பெண் 'போதும்' என்று சொன்னால் அதை மதிக்கவேண்டாமா? அவளுடைய உடல், அவளுடைய முடிவு. எழுபத்தைந்து வயதில் லேசரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லையா? உண்டு. அந்த உரிமையை யாரும் பறிக்கக் கூடாது. ஆனால் மறுப்பது என்றால் மறுக்கப்படும் பொருள் முன்னால் இருக்கவேண்டும். இது முதுமையல்ல, புரை திரும்பவில்லை, உன் தவறில்லை, சில நிமிடங்களில் சரியாகக் கூடியது, அதற்கு இன்ன ஆபத்து உண்டு, கூட்டிப்போக ஆள் தயார், செலவை யார் தலையிலும் கடனாக ஏற்றப்போவதில்லை. இவ்வளவையும் கேட்ட பிறகு அவள் 'வேண்டாம்' என்றால் அது முடிவு. இவற்றில் எதையும் சொல்லாமல் அவள் வாயிலிருந்து வாங்கும் 'போதும்' நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் விடுவிப்புப் பத்திரம்.

போதுமென்ற மனத்தைப் பொன்னாகப் போற்றும் மரபு நம்முடையது. அதே மரபில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டவர் ஒருவரும் இருக்கிறார். சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்து, அதை மீறி ஊரைக் கடந்தபோது இரு கண்ணும் இழந்தார் என்கிறது அவர் வரலாறு. திருவெண்பாக்கத்தில் முறையிட்டார், ஊன்றுகோல் கிடைத்தது. கோல் கிடைத்ததே என்று அவர் ஊர் திரும்பவில்லை. காஞ்சியில் பாடினார், இடக்கண் கிடைத்தது. ஒரு கண் போதுமே என்று இருந்துவிடவில்லை. திருவாரூரில் பாடினார், வலக்கண்ணும் கிடைத்தது. கெஞ்சியும் கேட்டார், கோபித்தும் கேட்டார். அவரை நன்றி கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. தம்பிரான் தோழர் என்றார்கள்; வன்தொண்டர் என்றார்கள். அதுவும், பார்வை போனது அவர் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறியதால். தன் தவறால் கண்ணிழந்தவருக்கு மூன்று ஊர்களில் கேட்கும் உரிமை இருந்தது. எந்தத் தவறும் செய்யாத பெண் இரண்டாம் முறை பஸ் ஏறத் தயங்குகிறாள். அவருக்கு இருந்ததும் இவளுக்கு இல்லாததும் ஒன்றுதான்: தோழமை. தோழனிடம் எத்தனை முறையும் கேட்கலாம். உபகாரம் செய்தவரிடம் ஒருமுறைதான் கேட்க முடியும்.

நன்றியைப் பற்றி நாம் கொஞ்சம் கடுமையாகவே யோசிக்கவேண்டியிருக்கிறது. நன்றி நல்ல குணம்தான். ஆனால் வீட்டில் பெண்ணின் உடலுக்குச் செய்வது மட்டும் உபகாரமாகக் கணக்கில் ஏறுகிறது. அவள் அந்த வீட்டுக்கு நாற்பது ஆண்டு செய்தது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. தகப்பனாரின் சர்க்கரை மாத்திரையை மாதாமாதம் வாங்கும்போது, 'போன மாதம்தானே வாங்கினோம்' என்று யாரும் கேட்பதில்லை. மோட்டார் சைக்கிளைத் தவறாமல் சர்வீஸுக்கு விடுகிறோம். தொடர்ந்து கவனிக்கவேண்டியவை எவை, ஒருமுறை கவனித்தால் போதுமானவை எவை என்ற பட்டியலில் அம்மாவின் கண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் ஒரு வீட்டின் அறம் தெரிந்துவிடும்.

வீடு மட்டுமல்ல, அரசும் திட்டங்களும் இப்படித்தான் நெடுங்காலம் கணக்கிட்டன. 1976 பார்வையின் வரலாற்றில் முக்கியமான ஆண்டு. இந்திய அரசின் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் அந்த ஆண்டில்தான் தொடங்கியது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். கடல் கடந்து அமெரிக்காவில், கறுப்பினப் பெண் மருத்துவர் பேட்ரிசியா பாத், பார்வையிழப்பைத் தடுப்பதற்கான நிறுவனம் ஒன்றை மற்றவர்களோடு சேர்ந்து நிறுவியதும் அதே ஆண்டு. கண்பார்வை அடிப்படை மனித உரிமை என்பது அந்த நிறுவனத்தின் கொள்கை. நியூயார்க்கில் ஹார்லம் பகுதி மருத்துவமனையில் பார்வையிழந்தவர்கள் குவிந்திருப்பதையும், சற்றுத் தள்ளியிருந்த வசதியானவர்களின் மருத்துவமனையில் அப்படி இல்லாததையும் பயிற்சிக் காலத்திலேயே கவனித்தவர் அவர். கண்ணின் நோய் கண்ணில் மட்டும் இல்லை என்பது அவருக்கு அங்கே புரிந்தது. பின்னாளில் லேசரால் புரையை அகற்றும் கருவி ஒன்றை வடிவமைத்து 1988இல் காப்புரிமை பெற்றார்.

உரிமை என்ற சொல் இங்கே முக்கியம். உபகாரம் ஒருமுறையோடு முடிந்துவிடும், உரிமை முடியாது. உலக சுகாதார மாநாடு 2021இல் ஏற்ற இலக்கிலும் இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். எத்தனை பேருக்குப் புரை எடுத்தோம் என்பதோடு நிற்காமல், எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இன்று நன்றாகத் தெரிகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, அந்த விகிதத்தை 2030க்குள் 30 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்தவேண்டும் என்பது அந்த இலக்கு. இந்தக் கணக்கில், அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் மூட்டத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண் 'முடிந்த கேஸ்' ஆகமாட்டாள். உலகில் பார்வையிழந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பெண்கள் அதிக நாள் வாழ்வது ஒரு காரணம். சிகிச்சை அவர்களை எட்டாதது மற்றொன்று. இரண்டாவது காரணத்தை இயற்கையின் தலையில் போட முடியாது.

மூட்டத்தை நீக்கும் கைகளில் பெண்களின் கைகளும் உண்டு என்பதையும் மாணவிகளுக்குச் சொல்லவேண்டும். யாக் லேசரால் பின்னுறையைத் திறக்கும் முறையை 1970களின் இறுதியில் உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர் பிரெஞ்சுப் பெண் கண் மருத்துவர் டேனியல் ஆரோன்-ரோசா. ஏறத்தாழ அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் ஃபிரான்ஸ் ஃபாங்க்ஹவுசரும் அதில் ஈடுபட்டிருந்தார். அதற்கு முன்பு இந்த மூட்டத்தைக் கண்ணுக்குள் கருவியைச் செலுத்தித்தான் கிழிக்கவேண்டியிருந்தது. மதுரையில் வெங்கடசாமியின் தங்கை டாக்டர் ஜி. நாச்சியார், கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து கண் பராமரிப்புப் பணியாளர்களாகப் பயிற்றுவிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். பார்வையை அளப்பது, சொட்டு மருந்து விடுவது, பாட்டியின் தலையைத் தாங்கியில் சரியாக வைத்து "ஆடாம இருங்க பாட்டி" என்று சொல்வது, இவையெல்லாம் பெரும்பாலும் அந்தப் பெண்களின் வேலை. மருத்துவமனை வரைக்கும் வந்துவிட்டால் தாங்கிப்பிடிக்கக் கைகள் இருக்கின்றன. வீட்டுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில்தான் ஆளில்லை.

அந்த இடைவெளியில் நாம் செய்யக்கூடியது முதலில் கேள்வியை மாற்றுவது. "கண் தெரியுதா?" என்ற கேள்விக்கு "தெரியுது" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பஸ் போர்டு எத்தனை தூரத்தில் படிக்க முடிகிறது, ஊசியில் நூல் கோர்க்க வருகிறதா, ராத்திரி எதிர்வண்டி வெளிச்சம் கூசுகிறதா, மாத்திரை அட்டையில் உள்ள எழுத்து தெரிகிறதா, படியின் விளிம்பு தெரிகிறதா, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்கலாம். இப்படிக் கேட்கும்போது அவள் புகார் சொல்ல வேண்டியதில்லை. செய்தி சொன்னால் போதும். அறுவை சிகிச்சை நடக்கும்போதே, பின்னால் இப்படி ஒரு மூட்டம் வரக்கூடும், வந்தால் வாருங்கள், யார் தவறும் இல்லை என்று நோயாளியிடமே சொல்லவேண்டும். கூடவந்த மகனிடம் மட்டும் சொன்னால் போதாது.

கேட்கத் தயங்குகிறவளை நாம் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டாம் முறை கேட்டவளுக்கு முகம் சுளிக்காத வீடு இருந்தால்தான் அவள் கேட்பாள். அறுவை சிகிச்சை முடிந்த உங்கள் அம்மாவோ அத்தையோ ஆச்சியோ இந்த வாரம் உங்களிடம் எதையும் சொல்லவில்லை என்றால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொருள் கொள்ளாதீர்கள். அருகில் உட்கார்ந்து, மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுத்து, தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்க முடியவில்லை என்றால் கேட்கவேண்டியது ஒரே கேள்விதான்: எந்த நாள் போகலாம்?